நாலாம் மேஜையின் குதிகால் வலி

அந்த மருத்துவமனையின் தேய்ப்பறையில் மேஜை எண்தான் ஆளுக்குப் பெயர். முதல் மேஜையில் நிற்பவள் ஒண்ணக்கா, அடுத்தவள் ரெண்டக்கா. நாலாம் மேஜைக்காரி நாலக்கா. வருகைப் பதிவேட்டில் அவளுக்கு அழகான பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. பதினோரு வருஷத்தில் அதைச் சொல்லி யாரோ ஒருமுறை கூப்பிட்டபோது, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

துவைக்கும் இயந்திரங்களும் பாய்லரும் கீழ்த்தளத்தில். படுக்கை விரிப்புகள் அங்கேயே உருளைக்குள் போய் மடிந்து வந்துவிடும். கையால் தேய்க்க வேண்டியவை மட்டும் தள்ளுவண்டியில் மாடிக்கு வரும்: டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகள், தலையணை உறைகள், பிறந்த குழந்தைகளின் உள்ளங்கை அகலச் சட்டைகள். வண்டி ஈரம் சொட்டிக்கொண்டே வரும். ஆகையால் வெள்ளை ஓடு பதித்த தரை எந்நேரமும் பிசுபிசுவென்றுதான் இருக்கும். நோயாளிகளின் துணியில் தெருத் தூசி படக்கூடாது என்பது விதி. செருப்பை வாசலில் விட்டுவிட்டு எல்லோரும் வெறுங்காலோடு நிற்பார்கள். கைபேசிகள், மணி அடித்ததும், வாசல் மேஜையிலுள்ள பிளாஸ்டிக் கூடைக்குள் போய்விடும்.

எல்லோரும் வெறுந்தரையில் நின்றபோது நாலக்கா மட்டும் ஒரு பலகையின் மேல் நின்றாள். பழைய பெட்டியை உடைத்துச் செய்த மரப்பலகை, அதன் மேல் வெட்டி ஒட்டிய கறுப்பு ரப்பர் விரிப்பு. கேட்டால் குதிகால் வலி என்பாள்.

வலி என்று ஒருத்தி சொல்லிவிட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா. ஒண்ணக்கா ஏதோ வேரைக் காய்ச்சிய எண்ணெய் கொண்டுவந்தாள். ரெண்டக்கா வெந்நீரில் கல்லுப்பு போட்டுக் காலை வைக்கச் சொன்னாள். வைத்தாயா வைத்தாயா என்று ஒரு வாரம் துளைத்தெடுத்தாள். மூணக்கா தன் மாமியாரின் குதிகால் வலி எந்த வருஷம் எந்த மாதம் எந்த மாத்திரையில் தீர்ந்தது என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். எல்லாவற்றுக்கும் நாலக்கா தலையாட்டினாள். வீட்டில் அவள் கணவர், பள்ளி வேன் ஓட்டுகிறவர், பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டு வந்ததும் கை கழுவிக்கொண்டு கிண்ணத்தில் எண்ணெயைச் சூடுகாட்டுவார். "காலை நீட்டு" என்று சொல்லி, வலது குதிகாலை மடியில் வைத்துக்கொண்டு தேய்ப்பார். தேய்க்கும்போது, அன்று வேனில் எந்தப் பொடியன் எந்தப் பொடிசின் காதைக் கடித்தான் என்ற கதையும் நடக்கும். மூன்று வருஷமாக ஒருநாள் தவறாமல் இது நடந்தது.

உண்மை என்னவென்றால் நாலக்காவின் குதிகால் ஒருநாளும் வலித்ததில்லை.

வலிக்காத காலுக்கு எதற்குப் பலகை? அவளுடைய இஸ்திரிப் பெட்டி கிள்ளும். அதனால்தான்.

முதலில் அது கிள்ளவில்லை, கத்தியது. மூன்று வருஷத்துக்கு முன்பு, நாலாம் மேஜைப் பெட்டியைச் சூடேற்றும்போதெல்லாம் சுவரிலுள்ள டிரிப்பர் டக்கென்று விழும். அறை முழுக்க மின்சாரம் நிற்கும். ஐந்து பேர் கையும் அப்படியே நிற்கும். கீழே அறுவை அரங்கிலிருந்து கோட்டுக்கு ஆள் வந்துவிடும். எழுதிப்போட்டால் எலக்ட்ரீஷியன் வர நாள் ஆகும் என்று, பாய்லர் பிரிவில் ஸ்குரூ டிரைவர் வைத்திருந்த ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் பிளக்கைக் கழற்றி உள்ளே ஏதோ செய்து மூடினார். அதற்குப் பிறகு டிரிப்பர் விழவே இல்லை. கை கொடுத்த தெய்வமே என்று எல்லோருமாக அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். நாலக்காதான் போய் வாங்கி வந்தாள்.

அன்று சாயங்காலமே பெட்டி அவளை முதல்முறையாகக் கிள்ளியது. விரல் நுனியில் எறும்பு கடித்த மாதிரி ஒரு சுர். தரை காய்ந்திருந்தால் ஒன்றும் தெரியாது. ஈரமாக இருந்தால் முழங்கை வரை ஏறும்.

சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தவள் ஆளில்லாத ஆறாம் மேஜையைப் பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது. அதற்கு முந்தின வருஷம் ஆறாம் மேஜைக்காரி தன் பெட்டியில் பொறி பறக்கிறது என்று முறையாக எழுதிக் கொடுத்தாள். பெட்டியை எடுத்துப் போனார்கள். போனது போனதுதான். பெட்டி இல்லாத மேஜைக்கு ஆள் எதற்கு என்று அவளைக் கீழே துவைக்கும் பிரிவுக்கு அனுப்பினார்கள். சோப்புத் தண்ணீரில் அவள் விரல்கள் வெடித்துப் போயின. இப்போது அந்த மேஜையில் மடித்த துணிகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. நாலாம் மேஜையும் அப்படிப் போனால் யாரைக் கீழே அனுப்புவார்கள்? தன்னை அனுப்பினால்கூடப் பரவாயில்லை. கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவளைத்தான் அனுப்புவார்கள். கடைசியாகச் சேர்ந்தவள் ஐந்தாம் மேஜைக்காரி. அவள் நாலக்காவின் நாத்தனார்.

அதனால் நாலக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். இந்தப் பெட்டி என்னோடு போகட்டும். பலகை செய்தாள், ரப்பர் ஒட்டினாள், குதிகாலுக்கு ஒரு வலியையும் உண்டாக்கினாள். தினமும் காலையில் பெட்டியைப் போட்டதும், பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் புறங்கையால் அதன் விளிம்பைத் தொட்டுப் பார்ப்பாள். இன்று கோபமா, சமாதானமா என்று தெரிந்துவிடும். அதன் பிறகு அந்தப் பக்கம் யாரையும் நெருங்கவிட மாட்டாள்.

நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலக்கா கல்யாணமாகி வந்தபோது நாத்தனாருக்குப் பதினான்கு வயது. அண்ணி தலை வாரிவிட்டால்தான் பள்ளிக்கூடம் போவாள். வாய் மட்டும் அப்போதே ஒரு முழம். அவளைக் கட்டிக்கொடுத்து ஒன்பது வருஷமாகியும் மடி நிறையவில்லை. உலகத்தில் எதைப் பற்றியும் கேலி பேசுகிறவள், யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் துணியை மடிக்க ஆரம்பித்துவிடுவாள். குழந்தைச் சட்டைகள் வந்தால் நாலக்கா ஒன்றும் சொல்லாமல் அந்தக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். இந்த வருஷம் நாத்தனார் அந்தக் கட்டைத் தானே தன் பக்கம் இழுத்தாள். அன்றைக்கே நாலக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அன்று முழுக்க இருவர் கண்ணும் ஈரமாகவே இருந்தது. ஆவி பட்டது என்று மற்றவர்களிடம் சொன்னார்கள்.

இப்போது அவளுக்கு ஐந்து முடிந்து ஆறாம் மாதம். ஐந்தாம் மேஜை சுவர் மூலையில் இருந்தது. காற்று வராது. அறையின் ஒரே நல்ல மின்விசிறி நாலாம் மேஜைக்கு நேர் மேலே. வேர்த்து வழியும்போதெல்லாம் அவள் கெஞ்சுவாள், ஒரே ஒரு நாள் மாற்றிக்கொள்ளலாம் என்று. நாலக்கா கையிலிருக்கும் கோட்டை வைத்து விசிறிவிடுவாள், மோர் கலக்கிக் கொடுப்பாள், தன் பங்குத் துணியோடு அவள் பங்கில் பாதியையும் தேய்ப்பாள். மேஜையை மட்டும் விட மாட்டாள்.

"எங்க அண்ணி கிட்னி கேட்டாக்கூட கழட்டிக் குடுத்துருவாங்க. ஃபேன் மட்டும் கேக்கக் கூடாது" என்று நாத்தனார் அறைக்கே கேட்கும்படி சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். நாலக்காவும் சிரிப்பாள். சிரித்துவிட்டு, கிள்ளுகிற பெட்டியைக் கொஞ்சம் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வாள்.

மூன்று வருஷத்தில் அவள் ஒருநாளும் லீவு போட்டதில்லை. காய்ச்சலோடு வந்திருக்கிறாள். ஆனால் மகளின் பட்டமளிப்பு விழாவுக்குப் போகாமல் இருக்க முடியுமா. இரண்டு குடும்பத்திலும் பட்டம் என்று ஒன்றை வாங்கப்போகும் முதல் ஆள் அந்தப் பெண். அழைப்பிதழைக் கணவர் வேனின் முன்கண்ணாடியில் ஒருமாதம் ஒட்டிவைத்திருந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தேதி மனப்பாடம்.

முந்தின நாள் சாயங்காலம் நாலக்கா பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுற்றி, மேஜைக்கு அடியிலுள்ள தட்டில் துணிக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். பெட்டி சரியாகச் சூடாகவில்லை, நான் வரும்வரை யாரும் தொட வேண்டாம் என்று சூப்பர்வைசர் அம்மாவிடம் சொன்னாள். நாத்தனாரிடமும் தொடாதே என்றாள். ஒருநாள் ஃபேனுக்கு இத்தனை காவலா என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் விழா மண்டபத்தில் கணவனும் மனைவியும் பின்வரிசைக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கறுப்பு அங்கி போட்ட பிள்ளைகள் மேடையின் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். மகளை அந்தக் கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியாமல் கணவர் மூன்று பேரைக் காட்டி, அதோ நம்ம பொண்ணு என்று மூன்று முறையும் தப்பாகச் சொன்னார். நாலக்கா நடை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். படம் எடுக்கலாம் என்று கைபேசியைத் திறந்தாள். நாத்தனாரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்திருந்தது. காலை மணி அடிப்பதற்குச் சற்று முன் அனுப்பியது. மகளுக்கு வாழ்த்தாக இருக்கும் என்று காதில் வைத்தாள்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. இன்னிக்கு உங்க சிம்மாசனம் எனக்கு. நான் கேக்கல, மேடமே பாத்து, புள்ளத்தாச்சிப் பொண்ணு வேர்த்து ஊத்துதேன்னு உங்க மேஜையைக் குடுத்துட்டாங்க. பெட்டியைக் கீழேருந்து தோண்டி எடுத்தாச்சு, நல்லாத்தான் சூடாகுது, பொய் சொல்லியிருக்கீங்க. உங்க பலகையில வயித்தோட ஏறி எறங்க முடியல, அதை ஓரமா சாத்தி வச்சுட்டேன். அப்பாடா, என்ன காத்து."

பலகை இல்லை. வெறுங்கால். ஈரத் தரை. மணியைப் பார்த்தாள், வேலை தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நாத்தனாரின் எண்ணை அழுத்தினாள். அது வாசல் கூடைக்குள் கிடந்து யாருக்கும் கேட்காமல் அடித்து ஓய்ந்திருக்கும்.

கணவரின் கையைத் தொட்டு, இதோ வந்துவிடுகிறேன் என்றாள். இன்னும் நாலு பேர்தான், நம்ம பொண்ணு வந்துருவா என்றார் அவர். அவள் அதைக் காதில் வாங்காமல் எல்லோர் முழங்காலிலும் இடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நடைபாதைச் சுவரில் சாய்ந்துகொண்டு மருத்துவமனையின் பொது எண்ணுக்குப் போட்டாள்.

சலவைப் பிரிவுக்குக் கொடுங்கள் என்றாள். அங்கே எந்த நோயாளி என்று கேட்டாள் வரவேற்பில் இருந்த பெண். நோயாளி இல்லை, சலவை, துணி தேய்க்கிற இடம் என்றாள் இவள். துணி காணாமல் போயிருந்தால் பதினோரு மணிக்கு மேல் பேசச் சொன்னாள் அந்தப் பெண். பதினோரு வருஷம் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தும், தான் நிற்கிற அறைக்கு எண் என்ன என்று நாலக்காவுக்குத் தெரியவில்லை. அவளை அங்கே யாரும் போனில் கூப்பிட்டதில்லை, அவளும் யாரையும் கூப்பிட்டதில்லை. கடைசியில் அந்தப் பெண்ணே எங்கோ தேடி இணைப்புக் கொடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி போட்டாள், மறுபடி நோயாளி யார் என்ற கேள்வி, மறுபடி மணி.

எடுத்தது சூப்பர்வைசர் அம்மா. "என்ன நாலக்கா, பொண்ணு பட்டம் வாங்கிட்டாளா?" என்றாள், சிரிப்போடு.

இதைச் சொன்னால் மேஜை போகும். மூன்று வருஷப் பொய்யும் வெளியே வரும். நாத்தனார் கீழே போக நேரலாம். எல்லாம் அந்த ஒரு நொடியில் வந்து நின்றன, வந்த வேகத்திலேயே போயும்விட்டன.

"மேடம், மெயினை அணைங்க. ஏன்னு அப்புறம் கேளுங்க. ஓடிப் போய் அவளை இழுத்துராதீங்க, அவளையும் தொடாதீங்க, பெட்டியையும் தொடாதீங்க. முதல்ல சுவத்துல மெயினை அணைங்க."

ரிசீவரை மேஜையில் போடும் சத்தம். ஓட்டம். பிறகு, அவள் பதினோரு வருஷமாகக் கேட்ட அந்த அறையின் இரைச்சல், மின்விசிறியின் கறகறப்பு உட்பட, அப்படியே அடங்கியது. அதே சமயம் அவள் முதுகுக்குப் பின்னால் மண்டபத்துக்குள் கைதட்டல் எழுந்தது. ஒரு விசில்கூட அடித்தார்கள். அந்த விசில் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தெரியும்.

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு போனில் நாத்தனாரின் குரல்.

"நல்லா இருக்கு அண்ணி. உங்க ஃபேன்ல ஒரு மணி நேரம் நின்னதுக்கு மொத்தக் கரண்டையும் நிறுத்திட்டீங்களே."

நாலக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உனக்கு ஒண்ணும் இல்லையே? கை எப்படி இருக்கு?"

"கைக்கென்ன. காலைலேருந்து கொஞ்சம் மதமதன்னு இருக்கு. மாசமா இருந்தா கை மரத்துப் போகும்னு செக்கப்புல சொன்னாங்கள்ல, அதான்."

"எந்தக் கை?"

"பெட்டி புடிக்கிற கைதான்."

"பெட்டியைக் கீழ வச்சா?"

உலகத்திலேயே பெரிய வாயாடி யோசிக்கிறாள்.

"வச்சா சரியாயிடுது" என்றாள், மெதுவாக. "அண்ணி, வயித்துல புள்ள..."

"மருத்துவமனையிலதானே இருக்கே. மேடத்தைக் கூட்டிட்டு இப்பவே பிரசவ வார்டுக்குப் போ. நான் வந்துட்டேன்."

கணவரின் வேனில் வந்தார்கள், மகளும் அங்கியைக் கழற்ற நேரமில்லாமல் அப்படியே ஏறிக்கொண்டாள். வழியில் நாலக்கா எல்லாவற்றையும் சொன்னாள். கிள்ளலையும் சொன்னாள், பலகையையும் சொன்னாள். குதிகாலைப் பற்றி மட்டும் சொல்ல வாய் வரவில்லை. கணவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

நாத்தனார் பிரசவ வார்டில் ஒரு கட்டிலில் படுத்திருந்தாள். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி நர்ஸ் ஒரு சின்னக் கருவியை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்தாள். கரகரவென்ற சத்தம்தான் வந்தது. சூப்பர்வைசர் அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சத்தத்துக்குள் எங்கிருந்தோ ஒரு துடிப்பு எட்டிப்பார்த்தது. பிறகு தெளிவாக, அவசரமாக, படிக்கட்டில் தடதடவென்று இறங்கி ஓடும் பிள்ளையின் காலடி போலக் கேட்டது. நர்ஸ் கருவியை அங்கேயே நிறுத்திக் கடிகாரத்தைப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது, டாக்டரும் பார்த்துவிட்டார், இன்றிரவு மட்டும் இங்கேயே இருக்கட்டும் என்றாள்.

நாத்தனார் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு தலையைத் திருப்பினாள்.

"எத்தனை நாளா கிள்ளுது அது உங்களை?"

"மூணு வருஷம் இருக்கும்."

"மூணு வருஷம்" என்றாள் அவள். "நான் உங்களைக் கிட்னி, ஃபேனுன்னு ஊர் பூராச் சொல்லிச் சிரிச்சிட்டிருந்தேன். நீங்களும் கூடச் சிரிச்சீங்களே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன வேத்தாளா?"

"சொன்னா உன்னைக் கீழ அனுப்பிருவாங்கன்னு..."

"அனுப்பட்டுமே. கைதானே வெடிக்கும். உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா எனக்கு யாரு தலை வாரிவிடுவா?" என்று சொல்லி, படுத்தபடியே அண்ணியின் கையில் ஓர் அடி வைத்தாள். அடித்த கையை எடுக்கவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்ததும்தான் மருமகளைச் சரியாகப் பார்த்தாள். கறுப்பு அங்கி, கையில் சுருட்டிய பட்டம். "உங்கம்மா பாத்தாங்களா நீ வாங்கறதை?" என்றாள். கைதட்டல் கேட்டேன் என்றாள் நாலக்கா. அது எப்படிப் போதும் என்று நாத்தனார் பட்டத்தைப் பிடுங்கி, தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமினாள். மகள் கட்டிலுக்கு எதிரே நாலு அடி பின்னால் போய் அங்கியைச் சரிசெய்துகொண்டு நடந்து வந்தாள். வயிற்றில் பசை காயாத அத்தை பட்டம் வழங்கினாள். அடுத்த கட்டில்களிலிருந்து கைதட்டினார்கள். விசில் அடிக்கக் கூடாது என்று நர்ஸ் முன்கூட்டியே வேன்காரரைப் பார்த்து விரலை ஆட்டினாள். அவர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது போலும்.

மாடியில் எலக்ட்ரீஷியன் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சூப்பர்வைசர் அம்மா நாலக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிளக்குக்குள் மூன்று ஒயரில் இரண்டுதான் திருகியிருந்தது. பச்சை ஒயரை வெட்டி, மடக்கி, டேப் சுற்றி உள்ளேயே படுக்கவைத்திருந்தார்கள்.

"இது எர்த் ஒயர். பெட்டிக்குள்ள கரண்ட் கசிஞ்சா டிரிப்பரை விழவச்சு, என்னைப் பாருங்கடான்னு கத்துறது இதோட வேலை" என்றார். "நீங்க வியாதியைப் பாக்காம வாயைக் கட்டிட்டீங்க. அப்புறம் கசிவு எங்க போகும்? புடிச்சிருக்கிற ஆள் வழியாத்தான் போகும். பலகையும் ரப்பரும் இருந்ததால கிள்ளலோட நின்னுச்சு. இன்னும் கொஞ்சம் ஈரம் கூடியிருந்தா, விடணும்னு நெனச்சாலும் கை விட்டிருக்காது."

நாலக்கா தன் வலது கையைப் பார்த்தாள். அந்தக் கையைத்தான் நாத்தனார் சற்றுமுன் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சரிசெய்ய எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள் சூப்பர்வைசர் அம்மா. ஒயரை மாட்ட ரெண்டு நிமிஷம், ஆனால் உள்ளே சூடேற்றும் கம்பியே கெட்டிருக்கிறது, இந்தப் பெட்டிக்கு ஆயுசு முடிந்தது என்றார் அவர். நாலக்கா தலைகுனிந்து நின்றாள். மேஜை போனது போனதுதான். என்னைக் கீழே அனுப்புங்கள் மேடம், அவளை வேண்டாம் என்றாள். எதற்குக் கீழே என்று அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. ஆறாம் மேஜையை நாலக்கா கண்ணால் காட்டியபோதுதான் புரிந்தது.

"அந்தப் பெட்டி ஏன் திரும்பி வரல?" என்று அவள் எலக்ட்ரீஷியனிடம் கேட்டாள். தான் இத்தனை வருஷம் கேட்காமல் விட்ட கேள்வி அது என்பது அவள் குரலிலேயே தெரிந்தது.

அவர் நெற்றியைச் சொறிந்தார். கிடங்குக்குப் போய்விட்டு வந்தார். கையில் தூசி படிந்த ஒரு பெட்டி, கழுத்தில் அட்டை: ஆறாம் மேஜை, சரிசெய்யப்பட்டது. எடுத்துப்போன அதே வாரத்தின் தேதி. மாடிக்குக் கொண்டுவந்த ஆள் ஆறாம் மேஜையில் துணி அடுக்கியிருப்பதைப் பார்த்து, அப்படி ஒரு மேஜையே இல்லை என்று திருப்பி வைத்துவிட்டாராம். நான்கு வருஷமாக அது கிடங்கில் மேஜைக்காகக் காத்திருந்தது. இங்கே மேஜை பெட்டிக்காகக் காத்திருந்தது.

சூப்பர்வைசர் அம்மா சிரிக்கவில்லை. நேராகக் கீழே இறங்கிப் போனாள். ஆறாம் மேஜைக்காரியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். வெடித்த விரல்களால் அவள் அந்தப் பெட்டியின் தூசியைத் துடைத்தாள். இன்னும் என்னை ஞாபகம் வைத்திருக்கிறாயா என்று பெட்டியிடம்தான் கேட்டாள். நாலாம் மேஜைக்குப் புதுப் பெட்டி கேட்டு அன்றைக்கே எழுதினார்கள். அது வந்து சேரும்வரை நாலக்கா ஐந்தாம் மேஜையில் நின்றாள். அந்த மேஜைக்காரியை இனிப் பிரசவம் முடியும்வரை உட்கார்ந்து மடிக்கிற வேலையில் வைத்தார்கள், மின்விசிறிக்கு நேர் கீழே.

அந்த அறையில் இப்போது எல்லோரும் செருப்புப் போட்டிருக்கிறார்கள். அறைக்குள் மட்டும் போடுகிற வெள்ளை ரப்பர் செருப்பு. வாசலில் ஒரு தட்டில் வரிசையாக இருக்கும். வண்டி சொட்டிய ஈரத்தை உடனே துடைக்கிறார்கள். காலையில் மணி அடித்ததும் ஒருத்தி டிரிப்பரிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்துவாள். டக்கென்று விழுந்தால்தான் வேலை தொடங்கும். விழும்போதெல்லாம் நாலக்காவுக்கு ஒரு நிம்மதி. புறங்கையால் தொட்டுப் பார்க்கிற வேலை இனிக் கூடாது என்று எலக்ட்ரீஷியன் கறாராகச் சொல்லிவிட்டார். சிறு கிள்ளல் என்றாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேடத்திடம் சொல்ல வேண்டும். வாசல் கூடைக்கு மேலே சுவரில் சலவைப் பிரிவின் தொலைபேசி எண் எழுதியிருக்கிறது. வரவேற்பில் இருந்த பெண்ணுக்கும் அந்த எண் இப்போது மனப்பாடம்.

இவையெல்லாம் பிறகு நடந்தவை. அன்று சாயங்காலம், நாத்தனாருக்குத் துணையாக மகளை வார்டில் விட்டுவிட்டு இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். கணவர் வழக்கம்போல் கை கழுவினார். கிண்ணத்தில் எண்ணெயைச் சூடுகாட்டிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"காலை நீட்டு."

நாலக்கா நீட்டவில்லை. கால்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அந்தக் கால் வலிச்சதே இல்லைங்க" என்றாள். "பலகைக்காகச் சொன்ன பொய்."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மூணு வருஷமாவா?"

"ம்."

"அப்ப தினமும் எதுக்குக் காலை நீட்டினே?"

அவள் புடவை ஓரத்தை விரலில் சுற்றினாள். "நீங்க தேய்க்கறப்ப வேன் கதை சொல்லுவீங்க. அது நல்லா இருந்துச்சு. வலி போயிருச்சுன்னு சொன்னா நீங்க நிறுத்திருவீங்களேன்னு..."

வேன்காரர் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பிறகு எண்ணெயை விரலில் தொட்டுச் சூடு பார்த்தார்.

"சரி, அந்த இன்னொரு காலைக் காட்டு" என்றார். "மூணு வருஷமா அதை நான் கவனிக்கவே இல்லை."